பூனைக்கு ஒரு வாரக் கெடு

மூத்திரம் போக இடம் தெரியாத ஒரு பிராணிக்கு என் வீட்டில் பாலும் மீனும் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் மேக்னா பெங்களூரிலிருந்து வாங்கி வந்த வெள்ளைப் பூனை. பெயர் பிங்கி. மூஞ்சி சப்பை, வால் விளக்குமாறு. எலியைப் பார்த்தால் அதுதான் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும்.

அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஆற்று மணல் பரப்பி, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் ஒழுங்காக அதில்தான் போனது. தொண்ணூற்றாறில் தை மாதம் முடிந்ததும் மகாராணிக்குத் தட்டு பிடிக்காமல் போய்விட்டது. முதலில் சோபாவுக்குப் பின்னால். அப்புறம் என் செருப்பில். கடைசியில், டீலர்களுக்காக அச்சடித்து வைத்திருந்த கேட்டலாக் கட்டின் மேல்.

அந்தக் கேட்டலாக் என்ன லேசுப்பட்டதா? கணபதியில் பட்டறை போட்டு முப்பது வருடமாகக் கிரைண்டர் செய்கிறவன் நான். சீனிவாசலு கிரைண்டர் என்றால் ஆர்.எஸ்.புரத்தில் தெரியாத வீடு இல்லை. புது மாடலின் பெருமையே அது சத்தம் போடாது என்பதுதான். முதல் மெஷினை அதே துவைக்கும் இடத்தில் வைத்து, வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு மாதமாக ராப்பகலாக ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். காதைக் கொண்டுபோய் ஒட்டவைத்தாலும் ஒரு முனகல் கிடையாது. வெள்ளகோவில் டீலர் வந்து பார்த்து, நல்லா இருக்குதுங்க என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். ஆர்டர் மட்டும் வரவில்லை. ரசனை கெட்ட மனுஷன்.

மேக்னா மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் தட்டையும் மெஷினையும் மாறி மாறிக் காட்டி வாய்க்குள்ளேயே என்னவோ மென்றார். இந்தக் காலத்தில் படித்தவன் எவனுக்கும் வாயைத் திறந்து பேசத் தெரிவதில்லை. என் மனைவி ரங்கம்மாளும் அப்படித்தான். ஒன்றுக்கு நாலு தடவை "என்ன?" என்று நான்தான் கேட்க வேண்டும். டாக்டருக்கு மெஷினின் அருமையை விளக்கினேன். அவரும் நல்லா இருக்குதுங்க என்று தலையாட்டிவிட்டு, ஒரு டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார்.

தட்டை மாடிக்குக் கொண்டுபோகட்டுமா என்று மேக்னா கேட்டாள். ஒரு பூனைக்காக நான் வீட்டை மாற்றி அமைப்பதா? ஒரு வாரம் கெடு கொடுத்தேன். அதற்குள் தட்டில் போகவில்லையென்றால் பல்லடத்தில் என் மச்சினன் கோழிப்பண்ணைக்கு அனுப்பிவிடுவேன். அங்கே நாலு நாய். அதுவும் ராத்திரியில் அவிழ்த்துவிடுகிற நாய்கள். மேக்னாவுக்கு அது தெரியும். ஒரு வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அழுதால் மசிகிற ஆளா நான்?

சனிக்கிழமை சாயங்காலம் டிவிக்கு அடியில் போய் வைத்தது. கெடு முடிந்தது.

ஞாயிறு காலையில் நானே பூனையை அமுக்கிக் கூடையில் போட்டேன். மேக்னா கூடையைத் தொடவே மாட்டேன் என்று சுவரோரம் நின்றாள். கார் ஷெட்டுக்குப் போக, துவைக்கும் இடத்தைத் தாண்ட வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பழனியாத்தாள் வழிவிட்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷின் சுற்றி ஓய்ந்து நின்றது.

பூனை மூடியை முட்டிக்கொண்டு வெளியே குதித்தது. தெருவுக்கு ஓடப் போகிறது என்றுதான் நினைத்தேன். நேராகத் தட்டுக்குப் போனது. நிதானமாக மணலைக் கிளறிக் குழி பறித்து உட்கார்ந்தது. வெகு நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு மூடிவிட்டு இறங்கியது.

இப்போது மட்டும் எப்படிப் போகிறதாம் என்று கேட்டேன். பழனியாத்தாள்தான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக வந்து நின்று, வாயை அகலத் திறந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சத்தம் நின்னுபோச்சுங்கய்யா. அதுக்குத்தானுங்க இத்தன நாளும் பயந்துட்டு இருந்துச்சு."

"எந்தச் சத்தம்?" என்றேன்.

ரங்கம்மாள் மேக்னாவைப் பார்த்தாள். இருவர் உதடுகளும் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தமே இல்லை என்று கேட்டலாக்கின் முதல் வரியை எழுதியவன் நான்தான்.

மேக்னா கிட்டே வந்து, என் கையிலிருந்த கூடையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.