கற்பூரம் அணைத்த கை

திண்டிவனத்தில் ஆசைப்பட்டு வாங்கின கம்மல், சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகையில் கழற்றி, துணியில் முடிந்து, திருவக்கரை அம்மன் காவல் இருக்கட்டும் என்று இளவரசியேதான் அங்கே வைத்தாள். வைத்ததைச் சுத்தமாக மறந்தும் போனாள். இப்போது முடிச்சை அவிழ்த்தவள் கம்மலைப் பார்த்ததும் மறுபடி முடிந்து மடியில் செருகிக்கொண்டாள்.

கம்மலைக் காணோம் என்று போன வாரம் அவள் ஆடின ஆட்டம் கொஞ்சமா? மல்லாட்டை உரித்துக் கடலை எடுக்க வந்தவர்களில் அமலாதான் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தவள். சந்தேகப்பட அதுவே போதுமாயிருந்தது. களத்தில் எல்லார் முன்னாலும் இளவரசி கற்பூரம் ஏற்றினாள்.

"எடுக்கலன்னா அணைச்சு சத்தியம் பண்ணு."

"நான் சர்ச்சுக்குப் போறவக்கா. எங்களுக்கு சத்தியம் கூடாதுங்க."

"எந்தச் சாமியா இருந்தா என்ன? பொய் சொன்னா கண்ணு அவிஞ்சிடும்."

அமலா எழுந்து வந்தாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வேலைக்கு வரவில்லை.

இளவரசியின் சாமி அப்படி. எப்போதும் குற்றம் தேடும், பிடித்தால் விடாது. அவளும் புருஷனை, பிள்ளையை, கூலிக்காரியை அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். இன்று அது தன் பக்கம் திரும்பிவிட்டதே என்றுதான் பதறினாள். அமலாவின் வெந்துபோன கை நினைவுக்கே வரவில்லை, பாவி மனுஷிக்கு.

பொழுது சாய்ந்ததும் யார் கண்ணிலும் படாமல் வரப்பு வழியாக அமலா வீட்டுக்குப் போனாள். அமலா கேப்பையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், இடக்கையால். துணி சுற்றிய வலக்கையைப் பார்க்காமலே இளவரசி பேசினாள்.

"கம்மல் கெடச்சிடுச்சு அமலா. எங்க அம்மன் பொல்லாதவ. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"உங்க சாமிக்குப் பயந்துகினு வந்திருக்கீங்க. அது சும்மா வுட்டுடும்னா, என்னைத் தேடி வந்திருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல இளவரசி வாயெடுத்தாள். வரவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"மன்னிச்சிட்டேங்க்கா. மன்னிக்கலன்னா எங்க சாமி என்னை வுடாது. ஆனா கற்பூரத்த களத்துல எல்லார் முன்னாலதான ஏத்துனீங்க?"

அம்மனிடம் என்றால் ஒரு எலுமிச்சை மாலையோடு தீர்ந்து போயிருக்கும். "காலைல வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு இளவரசி திரும்பினாள்.

காலையில் அமலா வந்து ஓரமாக உட்கார்ந்தாள். இளவரசி களத்து நடுவில் வந்து நின்றாள்.

"கம்மல் கெடச்சிடுச்சு."

"எங்கக்கா இருந்துச்சு?" என்றாள் கூட உரிக்கிற சித்ரா.

"சாமி படத்துக்குப் பின்னால. நான்தான் வச்சேன்."

எல்லாரும் அமலாவின் கையைப் பார்த்தார்கள். இளவரசியும் அப்போதுதான் பார்த்தாள்.