கொக்கி போடாமல் ஓடாது

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் சேவலுக்கு வேலை இல்லை. காலை ஷிப்டின் பவர் பிரஸ்தான் ஊரை எழுப்பும். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் தமயந்தி எண்ணெய் வழுக்கும் தகட்டை எடுத்து டை என்னும் அச்சின் மேல் வைத்தாள். இடது கையால் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மேலிருந்து இரும்பு இறங்கியது. தரை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, மின்விசிறிக்கு மாட்டும் கிண்ண மூடி ஒன்று பளபளவென்று கிடந்தது. அதைத் தட்டிவிட்டு அடுத்த தகடு.

பிரஸ்ஸுக்குப் பொத்தான் ஒன்றல்ல, இரண்டு. இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இரும்பு இறங்கவேண்டும். அப்போது கை இரண்டும் வெளியே இருக்கும், எதுவும் நசுங்காது. செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். ஆனால் ஆர்டர் கூடியதும் சூப்பர்வைசர் பெர்னார்ட், வலது பொத்தானில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி மேலே டேப் சுற்றிவிட்டார், எல்லா மெஷினிலும். வலது கை சும்மா இருக்கலாகாது, தகடு வைக்கட்டும் என்பது கணக்கு. அப்படி வைக்கப்போன இடத்தில்தான் பக்கத்து மெஷின் தனக்கோடியின் இரண்டு விரல்கள் போயின.

"என்னக்கா, ஒரே தகட்ட ரெண்டு தடவ வெக்கிறீங்க?" எதிர் மெஷினிலிருந்து உத்தமன் கேட்டான்.

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாருப்பா."

"வரட்டுமே. உங்களப் பொண்ணு பாக்கவா வர்றாரு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று பெர்னார்ட் அவளைத் தனியே கூப்பிட்டிருந்தார். "பக்கத்துல நின்னவ நீதாம்மா. உன்னத்தான் மொதல்ல கேப்பாங்க. பையன் பராக்குப் பாத்துக்கிட்டுக் கைய விட்டுட்டான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். உன்னப் பர்மனென்ட் ஆக்குறது என் பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தனக்கோடிக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. சொல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. வந்த நாள் முதல் கான்ட்ராக்ட்தான். போ என்றால் போகவேண்டியதுதான். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும். இரவெல்லாம் புரண்டு படுத்தும் விடை கிடைக்காமல் வந்து நின்றிருந்தாள்.

டிபன் நேரத்தில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். கேன்டீனுக்கு வாருங்கள், முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். மெஷினை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை, அதனால் எல்லாருக்கும் சந்தேகம்.

கேன்டீனில் மேசைகளை ஒதுக்கிவிட்டு இரண்டு மேடைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேடையையும் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு வட்டக் கம்பி. உச்சியிலிருந்து வயர் தொங்க, பூசணிக்காய் அளவில் ஒரு ஹெல்மெட்.

"ஆட்டுக்கல்லுக்கு வேலி போட்ட மாதிரி இருக்குது," என்றான் உத்தமன்.

"கரென்ட் வெச்சுக் கொல்லத்தானோ என்னவோ," என்றாள் பேக்கிங்கில் இருக்கும் கௌரம்மா. கன்னடக்காரி, தமிழ் தண்ணிபட்ட பாடு. தொண்ணூற்றொன்று காவிரிக் கலவரத்தில் தமயந்தியைத் தன் வீட்டில் மறைத்துவைத்துச் சோறு போட்டவள்.

முதலாளி ரகுராம் வந்தார். அப்பாவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அமெரிக்காவில் படித்த மனிதர், தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசுவார்.

"இது விர்ச்சுவல் ரியாலிட்டி. ஹெல்மெட்டைப் போட்டா வேற உலகம் தெரியும். அதுல ஒரு உடைஞ்ச பாலம். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போகணும். ஒருத்தர் விட்டா ரெண்டு பேரும் விழுந்துடுவீங்க. எதுக்கு இது? டீம். நாம எல்லாம் ஒரு டீம்னு புரியறதுக்கு."

"ஊரோரம் உடைஞ்ச பாலம் நிஜமாவே இருக்குது சார். அதுல தூக்கிட்டுப் போகச் சொன்னா செலவு மிச்சம்," என்றான் உத்தமன். பின்னால் சிரிப்பு எழுந்தது. ரகுராமும் சிரித்துவைத்தார்.

தனக்கோடியையும் வரவழைத்திருந்தார்கள். வலது கையில் வெள்ளைக் கட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். ஆட்டத்தை ஓட்ட நீல் என்ற பையன் நகரத்துக் காக்ஸ் டவுனிலிருந்து வந்திருந்தான்.

"முதல்ல தனக்கோடி," என்றார் ரகுராம். "வாப்பா, பயப்படாதே."

நீல் அவன் தலையில் ஹெல்மெட்டை மாட்டினான். ஒரு பிடியை இடது கையில் கொடுத்தான். "அண்ணா, எந்தக் கையில பிடிச்சாலும் உள்ள ரைட் ஹேண்டாத்தான் தெரியும். நடந்து போற மாதிரி கைய ஆட்டுங்க."

தனக்கோடி நின்றான். கையை மெல்லத் தூக்கினான். இறக்கினான். மறுபடி தூக்கினான். பாலத்துப் பக்கம் போகவே இல்லை.

"என்னடா, அங்கயே நிக்கிறே?" என்றாள் தமயந்தி.

"உள்ள எனக்கு அஞ்சு விரலும் இருக்குதுக்கா," என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "மூடித் திறக்குதுக்கா. சின்னதும் இருக்குது."

போட்டோக்காரர் ஒன்று எடுத்துக்கொண்டார். தமயந்தி உட்கார்ந்திருந்த பெஞ்சை விட்டு எழுந்தாள். உட்கார முடியவில்லை. சுவரோரம் போனாள், திரும்பி வந்தாள்.

"அடுத்தவங்க ஏறுங்க," என்று தனக்கோடி இறங்கியதும் கைதட்டினார் பெர்னார்ட். "உத்தமா, நீ பெரிய வாய் பேசுறவன், ஏறு. தமயந்தி, நீ அந்தப் பக்கம்."

உத்தமன் மற்ற மேடையில் ஏறினான். வட்டக் கம்பியின் கதவைச் சாத்தாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். ஒன்றும் ஓடவில்லை. "என்ன தம்பி, கரென்ட் இல்லையா?"

"கொக்கி போடல அண்ணா. கம்பியச் சாத்திக் கொக்கி போட்டாத்தான் ஸ்டார்ட் ஆகும். தலைல ஹெல்மெட் இருக்குல்ல, கண்ணு தெரியாம விழுந்துருவீங்க."

கொக்கியோ சேரவில்லை. டெம்போவில் குலுங்கி வந்ததில் வளைந்திருந்தது. நீல் ஒரு திருப்புளியை வைத்து நெம்பிக்கொண்டிருந்தான். போட்டோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ரகுராம் பெர்னார்டைப் பார்த்தார். பெர்னார்ட் பதறிப் பையில் கைவிட்டு டேப்பை எடுத்தார். கை தன்பாட்டுக்கு அதைத் தேடி எடுத்தது.

"ஏன்டா தம்பி இவ்வளவு நேரம்? அந்தக் கொக்கி ஓட்டையில எதையாவது செருகி டேப்ப சுத்தி விடு. ஓடும். நான் எத்தன மெஷினுக்குச் செய்திருக்கேன்."

நீல் நிமிர்ந்தான். "ஐயோ வேணாம் சார். யாராவது விழுந்தா என் வேல போயிரும். வெளாட்டு சாமான்தான், ஆனா கொக்கி போடாம ஓட்டினா எங்க ஓனர் விடமாட்டாரு."

பெர்னார்டின் கையில் டேப் அப்படியே நின்றது. சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. ஒருவரும் முகம் திருப்பவில்லை. எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

தமயந்தியின் காலில் இருந்த பதற்றம் நாக்குக்கு ஏறியது.

"ஓனர் சார், ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லும்மா."

"வெளாட்டு சாமானுக்கு இருக்கிற கொக்கி எங்க மெஷினுக்கு ஏன் இல்ல?"

"மெஷின்ல எல்லா சேஃப்டியும் இருக்கு."

"இருந்துச்சு சார். பெர்னார்ட் சார் கையில இருக்கிற டேப்பால கட்டிப்போட்டாங்க. தனக்கோடி பராக்குப் பாக்கல. வலது பொத்தான் அடைச்சிருந்துச்சு."

"அதை இன்னைக்குப் பேச வேண்டாம். என்ஜாய் பண்ணுங்க. நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்கு முன்ன பேசணும் சார்."

ரகுராமின் தமிழ் வேகமெடுத்தது. "ரெண்டு கையாலயும் அமுக்கினா பீஸ் பாதியாயிடும். பாதி பீஸ் போனா ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா உங்க வேலைதான் போகும். யோசிச்சுப் பேசு."

"பீஸ் பாதியாகும் சார். கை முழுசா வீட்டுக்கு வரும்."

"உனக்கு பர்மனென்ட் பேசியிருக்கார் பெர்னார்ட். ஞாபகம் இருக்கா?"

பேரம் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கௌரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். உத்தமன் மேடையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். தனக்கோடி மட்டும் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஞாபகம் இருக்குது சார்," என்றாள் தமயந்தி. "இவன் விரலக் குடுத்துட்டு எனக்கு எதுவும் வேணாம்."

"எல்லாரும் வேலைக்குப் போங்க. ஷோ முடிஞ்சுது," என்று ரகுராம் மாடிப்படி ஏறிவிட்டார்.

ஷெட்டுக்குள் வந்ததும் அவள் மெஷினை ஓட்டவில்லை. நகத்தால் டேப்பின் முனையைத் தேடி உரித்தாள். பிளாஸ்டிக் துண்டை நெம்பி எடுத்தாள். வலது பொத்தான் எம்பி வெளியே வந்தது. தகட்டை வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பொத்தானில் வைத்தாள். இரும்பு இறங்கி ஏறும்வரை கைகள் வெளியிலேயே இருந்தன. அப்புறம்தான் அடுத்த தகடு.

"என்னம்மா பண்றே?" பெர்னார்ட் ஓடிவந்து புதிதாய் ஒரு துண்டைச் செருகி டேப் சுற்றினார். அவள் ஒதுங்கி நின்று இடம் கொடுத்தாள். அவர் நகர்ந்ததும் உரித்தாள்.

அதற்குள் எதிரே உத்தமன் உரித்துக்கொண்டிருந்தான். பெர்னார்ட் அங்கே ஓடினார். மூன்றாவது மெஷினில் ஒருவன் பல்லால் கடித்து இழுத்தான். கடைசி வரிசையில் யாரோ துண்டைத் தூக்கி எறிய அது தரையில் உருண்டு பெர்னார்டின் காலடியில் வந்து நின்றது.

"டேப்ப உரிச்ச ஒருத்தரையும் நாளைக்கு உள்ள விடமாட்டேன்."

"அப்ப எல்லாரையும் விடாதீங்க சார். கதவுக்கு வெளிய உக்காந்திருப்போம்," என்றான் உத்தமன், தகடு வைத்தபடியே.

கௌரம்மா பேக்கிங் மேசையை விட்டு வந்து தமயந்தியின் பின்னால் நின்றாள். "நாளெ இன்ஸ்பெக்டர் முன்னாடி நானூ ஹேள்தீனி, நானும் சொல்றேன். நீ ஒத்தையில நிக்காதே." பின்னால் வந்த பேக்கிங் பெண்கள் இருவரும் தலையசைத்தார்கள்.

தனக்கோடி வாசலிலேயே நின்றிருந்தான். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

"உள்ள வாடா," என்றாள் தமயந்தி. "நாளைக்குக் காலைல என் பக்கத்துல நில்லு. இன்ஸ்பெக்டர் கேக்குறதுக்கு முன்னயே சொல்றேன்."

"உங்களுக்கு வேல போயிருமேக்கா."

"போகலாம். போகாமயும் இருக்கலாம். அத நாளைக்குப் பாத்துக்கலாம்."

மேலே கண்ணாடிக் கதவு திறந்தது. ரகுராம் எட்டிப் பார்த்தார். "பெர்னார்ட், என்ன நடக்குது? மெஷின் நின்னுடுச்சா?"

"இல்ல சார். எல்லாம் ஓடுது."

"அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவா?"

பெர்னார்ட் வரிசையின் நடுவில் நின்றார். கையிலிருந்த டேப் சுருள் தீர்ந்து வெறும் அட்டை வளையமாகியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய இரு பக்கமும் இரும்பு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஒவ்வொரு மெஷினின் மேலும் இரண்டிரண்டு கைகள்.