கண் திறக்காத பருந்து

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஐப்பசி மூடுபனியில் வழி தெரியாமல் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று செம்மேட்டுப் பள்ளி மைதானத்தில் இறங்கியது. இறங்கியதோடு ஏதோ கோளாறு. மாற்றுச் சாமான் வர ரெண்டு நாளாகும் என்றார்கள். ஓட்டி வந்த கேப்டன் அருணாசலம் துறையூர்க்காரர். பொழுது போகாமல் கடைவீதியைச் சுற்றியவர், ஒரு லாரி முகப்பில் பாய்ந்துகொண்டிருந்த புலியைப் பார்த்து அசந்துபோய், அதை வரைந்த உள்ளூர் ராசப்பனைத் தேடிப் பிடித்தார்.

“நம்ம மிஷின் மூக்குல ஒரு பருந்து வேணும். மேலிடத்துல கேட்டாச்சு.”

ராசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நாமக்கல் பட்டறையில் லாரிகளுக்கு வண்ணம் தெளித்த ஆளை, பறக்கிற வண்டிக்கு யார் கூப்பிடுவார்கள்? பேனா அளவே இருக்கும் ஸ்பிரே கன்னையும் கம்ப்ரஸரையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்ணம் புகையாக விழ விழ அலகு வளைந்தது, இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. மறுநாள் காலையில் கண் மட்டும்தான் பாக்கி.

அதில்தான் வினை. லாரிப் புலிக்கே அவர் வண்டியைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, நல்ல நேரம் பார்த்துத்தான் கண் திறப்பார். சாமானோ முன்னதாகவே வந்து, பழுதும் சரியாகிவிட்டது. உடனே கிளம்பச் சொல்லி கேப்டனுக்கு உத்தரவு. அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால்.

“ராகு காலமுங்க. பன்னெண்டுக்கு மேல தொறந்துடறேனுங்க. வண்டியக் கெழக்க திருப்பி நிறுத்துங்க.”

“இது என்ன மாட்டு வண்டியா, திருப்பறதுக்கு? ரெண்டு புள்ளி வைங்க ராசப்பன்!”

ராசப்பன் அசையவில்லை. பருந்து கண் இல்லாமலே பறந்துபோனது.

“குருட்டுப் பறவைய அனுப்பிட்டீங்களேங்க,” என்றாள் மனைவி பொன்னம்மாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு புள்ளிதானே, வைத்துத் தொலைத்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். இந்நேரம் எவனாவது அதற்குக் கோழிக் கண் வைத்திருப்பான் என்று நினைத்தால் வயிறு எரிந்தது. மேலே எது இரைந்தாலும் வெளியே ஓடிப் பார்த்தார்.

தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. குச்சிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தவர் சத்தம் கேட்டு, கையைக்கூடக் கழுவாமல் மைதானத்துக்கு ஓடினார். தலைக்கு மேலே அதே ஹெலிகாப்டர், மூக்கில் அதே பருந்து. கண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் வெறும் வெள்ளைதான்.

அது உடனே இறங்கவில்லை. அந்தரத்தில் நின்று மெல்லத் திரும்பி, மூக்கைச் சரியாகக் கிழக்கே வைத்துக்கொண்டு, அப்புறம்தான் தரையைத் தொட்டது. கதவு திறப்பதற்குள் ராசப்பன் அழுதுவிட்டார்.

“நம்ம பசங்க ஆளுக்கொரு கண்ணு வைக்கறேன்னு நின்னாங்க, நான் தொடவிடல,” என்றபடி இறங்கினார் கேப்டன். “மணி ஒம்பது. இன்னிக்கு ராகு காலம் பன்னெண்டுக்குத்தான். நேரம் போதுமா?”

“போதுமுங்க சாமி, தாராளமாப் போதுமுங்க,” என்று ராசப்பன் ஸ்பிரே கன்னை எடுக்க வீட்டுக்கு ஓடினார்.