வெட்டாத பத்து நிமிஷம்

ஆடி மாதத்தில் வீடியோகிராபர் கிடைப்பது சுலபம். முகூர்த்தம் கிடையாது, கேமராவெல்லாம் பைக்குள் தூங்கும். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் முதல் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த தேவா என்கிற தேவேந்திரனும் அப்படித்தான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஜாய்ஸ் படியேறி வந்து, ஒரு நிகழ்ச்சியை வீடியோ எடுக்க வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளை எந்த ஊர் என்பது.

கல்யாணம் இல்லை, நான் பேசப்போகிறேன், அதைத்தான் எடுக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷமாக லைனில் நிற்கிறவள் அவள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற டிரெய்னர் வேலை அங்கே காலியாகியிருந்தது. டிப்ளமோக்காரர்களுக்கு நடுவில் பத்தாவது படித்த ஜாய்ஸும் விண்ணப்பம் போட்டிருந்தாள். கூட்டத்தின் முன் பேச வருகிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷ வீடியோ கேட்டிருந்தார்கள். ஒரே மூச்சில் எடுத்திருக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது, பாட்டு சேர்க்கக் கூடாது, திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும்.

வேலை கிடைத்தால் கால் கடுக்க நிற்க வேண்டாம் என்பது ஒரு பக்கம். அந்த வகுப்பில் சொல்ல வேண்டியதைத் தன்னைவிட உருப்படியாக வேறு ஆள் சொல்ல முடியாது என்று அவள் நம்பினாள் என்பது இன்னொரு பக்கம். அந்த நம்பிக்கைக்குக் காரணம் அவளுடைய வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுபோன கை அது. ஒன்பது வருஷமாக அதை முந்தானைக்குள்ளோ ஹேண்ட்பேக்குக்குப் பின்னாலோ வைத்தே பழகியிருந்தாள். சர்ச்சில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது அவள் வெறுமனே பாடுவாள்.

தேவாவுக்குப் பாட்டில்லாத வீடியோ என்பதே மனசுக்கு ஒப்பவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் அலை வரும், மேலே டிரோன் சுற்றும் என்றார். ஆடிக் காற்றில் நான் பேசுவது எனக்கே கேட்காது என்றாள் ஜாய்ஸ். கேட்காவிட்டால் என்ன, மியூசிக் போட்டுக்கொள்ளலாம் என்றார் மனுஷன். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் கேமரா முன்னால் வந்தவர்களெல்லாம் தலையாட்டிச் சிரித்தவர்கள்தான், வாய் திறந்து பேசியவர்கள் இல்லை. கடைசியில் படாளத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்து சர்ச் ஹால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமையே ஹாலைப் பார்க்க வந்துவிட்டார். தொழிலென்று வந்துவிட்டால் ஆள் கெட்டி. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று நான்கையும் நிறுத்தச் சொன்னார். பின்சுவரில் தொங்கிய பிறந்தநாள் ஜரிகைத் தாளையெல்லாம் அவரே நாற்காலி போட்டு ஏறிப் பிய்த்தார். மேடைக்குப் பக்கவாட்டில் கேமராவை நிறுத்தி, அவளை நிற்கவைத்து, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். வெளிச்சத்துக்காகச் சொல்கிறார் என்று ஜாய்ஸ் நினைத்துக்கொண்டாள்.

பேச்சை அவள் தினமும் கணவன் ஜெபசிங்கிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். சாப்பிட்டபடியே கேட்டு, நல்லாயிருக்கு என்பான். ஆனால் நான்காவது நிமிஷத்தில் வர வேண்டிய ஒன்றை அவனிடம்கூடச் சொல்லாமல் தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் நின்ற, தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிட்டால் வேலை மடமடவென்று நடக்கும். விபத்து நடந்த அன்று மெஷின் தானாக இறங்கிவிட்டது என்றுதான் ஊர் நம்பியது, ஜெபசிங்கும் நம்பினான். அதை மறுத்துச் சொல்ல அவளுக்கு ஒன்பது வருஷம் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் விடிந்தால் கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். முதல் வரிசையில் செங்கம்மாள், இப்போது அதே பிரஸ்ஸில் நிற்கிறவள். மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று நிமிஷம் ஜாய்ஸ் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கினாள்.

“மெஷின் என்னை ஒண்ணியும் பண்ல. டேப் ஒட்னது நாந்தான்.”

புத்தகங்கள் விசிறுவது நின்றது. கதவோரம் நின்றிருந்த ஜெபசிங் அவளையே பார்த்தான். அவள் தூக்கிய கையைக் கீழே போடாமல் மீதி ஆறு நிமிஷத்தையும் பேசி முடித்தாள். முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. ஜெபசிங் பக்கத்தில் வந்து, எல்லோரும் பார்க்க அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் ஸ்டூடியோவில் தேவா வீடியோவைப் போட்டுக் காட்டினார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் அவள் கை எங்கேயும் இல்லை. முதல் மூன்று நிமிஷம் கேமரா அவளுடைய இடது பக்கத்தையே காட்டியது. சரியாகக் கையைத் தூக்குகிற இடத்தில் மெல்ல நகர்ந்து கூட்டத்தின் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் மட்டும்தான் திரை நிறைய இருந்தது, கடைசி வரைக்கும்.

“இன்னாண்ணா இது? என் கை எங்க?”

வேண்டுமென்றேதான் மறைத்தேன் என்றார் தேவா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. கன்னத்தில் தீக்காயம் பட்ட பெண், மாறுகண் மாப்பிள்ளை, எத்தனை பேரை எடுத்திருக்கிறார். அவர் எடுத்த ஆல்பத்திலோ வீடியோவிலோ யாருடைய குறையையும் யாரும் பார்த்தது கிடையாது. அதுதான் அவருடைய பேர். கையைத் தூக்கியதும் ஐயோ பாவம் என்று கேமரா தானாகத் திரும்பிவிட்டதாம்.

ஜாய்ஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒன்பது வருஷம் நான் மறைத்தது போதாதென்று நீங்களும் மறைத்தீர்களா என்று கேட்டே விட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கிப்போய், நாற்காலி நுனிக்கு வந்தார்.

“தப்புதாம்மா. நாளிக்குக் காலைல வந்து திரும்ப எடுத்துர்றேன். கூட்டம் வேணும்னா எங்க தெருலேர்ந்து நாலு பேரை இட்டாந்துர்றேன்.”

சரி என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். எங்கே தப்பு என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான். திரையில் அவள் குரல் மட்டும் கேட்டது, டேப் ஒட்டியது நான்தான் என்று. கூட்டம் அசையாமல் இருந்தது. செங்கம்மாள் மடியில் விரித்து வைத்திருந்த வலது கையை மெதுவாக மூடினாள். பக்கத்தில் இருந்தவள் விரல்களை அக்குளுக்குள் செருகினாள். பின்வரிசையில் ஒருத்தி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள். ஒருவரும் ஒருவரையும் பார்த்துச் செய்யவில்லை. முப்பது பெண்களின் கையும் ஒவ்வொன்றாக உள்ளே போனது.

ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதையே அனுப்புண்ணா” என்றாள்.

பத்து நாள் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். புது ஆட்களிடம் டேப் ஒட்டியதையெல்லாம் சொல்லலாமா என்று ஒருவர் முனகினார். பேனா பிடித்திருந்த மூத்தவர் மட்டும் வீடியோவைக் கவனமாகப் பார்த்திருந்தார் போலிருக்கிறது. நான்காவது நிமிஷத்தில் கேமரா ஏன் உங்களை விட்டுப் போயிற்று, அந்தப் பெண்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டார்.

ஜாய்ஸ் வலது கையை எடுத்து மேசை நடுவில் விரித்து வைத்தாள்.

மூத்தவர் பேனாவைக் கீழே வைத்தார். மேசை மேலிருந்த அவருடைய விரல்கள் மடங்கின. முனகியவர் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். ஜாய்ஸ் இரண்டையும் பார்த்தாள், தன் கையை மட்டும் எடுக்கவில்லை.

“அடுத்த பேட்ச் புதன்கிழமை வருது, வகுப்பெடுக்க வந்துருங்க” என்றார் மூத்தவர்.