மூச்சுக்கு ஒரு விலக்கு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஓசோன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வானிலை நிலையத்தின் மொட்டைமாடியில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கருவி இருந்தது. சூரிய வெளிச்சத்தை உள்ளே வாங்கி, தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிற ஓசோன் படலம் இன்றைக்கு எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடும். அதை வெயிலுக்கு நேராகத் திருப்பி, குமிழைச் சுழற்றி, முள் நடுவில் வந்து நிற்கும் வரை பொறுமையாக நிற்பது அவள் வேலை. முகம் கறுத்துப்போனதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். "நான் ரோட்டைப் பாத்துக்கறேன், இவ வானத்தைப் பாத்துக்கறா. வீட்டைப் பாத்துக்கத்தான் ஆளில்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. இளைப்பு வந்தால் நெஞ்சுக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம் வரும். மற்ற பிள்ளைகள் கேலி செய்வதற்குள் அப்பாவே முந்திக்கொண்டு குருவி என்று பெயர் வைத்துவிட்டான். பிறகு யாருக்கும் அதைக் கேலியாகச் சொல்லத் தோன்றவில்லை. பள்ளிக்கூடப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் பஃப்.

அந்த வருஷம் எங்கோ ஒரு தீவில் பெரிய எரிமலை ஒன்று வெடித்தது. அதன் புகை உலகத்தையே சுற்றி வந்தது. சாயங்கால வானம் செக்கச்செவேலென்று இருந்தது. மாடியில் அவள் எடுத்த அளவுகளும் இறங்கத் தொடங்கின. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள். துடைத்து, சரிபார்த்து, மறுபடியும் எடுத்தாள். அதே அளவுதான் வந்தது.

ஒருநாள் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கணவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இந்தா பாரு. ஓசோன் குறையறதுக்கு எரிமலைதான் காரணமாம். நீ என்னமோ மனுஷன் கெடுத்துட்டான், கெடுத்துட்டான்னு புலம்பறே."

"எரிமலை மட்டும் இல்லைங்க" என்றாள். "ஓசோன் சீசனுக்குச் சீசன் ஏறும், இறங்கும். சூரியன் கொஞ்சம் அடங்கினாலும் குறையும். அதெல்லாம் தானா சரியாயிடும். எரிமலை கக்குற குளோரின்கூட முக்கால்வாசி மழையில கரைஞ்சு கீழே வந்துடும்."

"அப்புறம் என்ன?"

"நம்ம விடுற காஸ் மழையில கரையாது. ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பா, எல்லாத்துலேர்ந்தும் கசிஞ்சு மெதுவா மேலே போயிடும். அங்க வெயில் பட்டு உடைஞ்சு குளோரினா நிக்கும். எரிமலைப் புகை அந்தக் குளோரின் உக்காந்து வேலை பண்ண இடம் போட்டுக் கொடுக்குது. அவ்வளவுதான். ஒரே ஒரு குளோரின் அணு, லட்சம் ஓசோனைத் தின்னுட்டுத்தான் ஓயும்."

தன் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. மேஜை ஓரத்தில் இருந்த பஃப்பைக் காட்டி, "இதுல மருந்தைத் தள்றதுகூட அதே காஸ்தான்" என்று சொல்லிவிட்டுக் கணவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

குருவி பஃப்பை ஒருதரம் பார்த்தாள். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பஃப் தீரவே இல்லை. முன்பெல்லாம் மருந்துக்கடைக்கு நடையாய் நடந்த கணவன், "டப்பா அப்படியே கனமா இருக்கு. உடம்பு தேறிடுச்சு போல" என்று சந்தோஷப்பட்டான். அவளுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. பிள்ளை ஓடியாடுவது குறைந்திருந்தது. படி ஏறும்போது பாதியில் நின்று ஷூ கயிற்றைக் கட்டினாள். ஜன்னலோரம் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வளர்கிற பிள்ளை, அமைதியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு மாடியில் வேலையும் அதிகம். இறங்குகிற அளவைப் பார்த்து மேலிடத்திலிருந்து விடாமல் கேள்வி வந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது கருவியின் முள் நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

குருவி மாடிப்படியில் மயங்கி விழுந்திருந்தாள். டீச்சரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். இவள் போய்ச் சேரும்போது பிள்ளையின் முகத்தில் மாஸ்க் இருந்தது. மருந்துப் புகை ஓரங்களில் கசிந்தது. உதடு இன்னும் நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.

டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஆனால் கோபத்தில் இருந்தார்.

"பையிலேயே இன்ஹேலர் இருந்திருக்கு. ஏன் எடுத்துக்கலை? வீட்டுல யாராவது வேண்டாம்னு சொன்னீங்களா?"

"இல்லை டாக்டர். நாங்க எதுக்கு அப்படிச் சொல்றோம்?"

"கேட்டுப் பாருங்க. இது இன்னைக்கு வந்ததில்லை. ரொம்ப நாளா அடக்கி வச்சிருக்கா."

கணவன் டெப்போவிலிருந்து காக்கி உடுப்போடு ஓடி வந்தான். மாஸ்க்கை எடுத்த பிறகு இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அப்பாதான் கேட்டான்.

"குருவி, பஃப் பையிலதானே இருந்துச்சு?"

பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அடிச்சா அது மேலே போயிடும்ல" என்றாள்.

அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அங்கே வரிசையாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சற்று நேரத்தில் கணவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஏன் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை.

"தெரிஞ்சதைத்தானே சொன்னே" என்றான். "நானும்தான் டப்பா கனமா இருக்குன்னு சிரிச்சேன். எழுந்து வா. உள்ள தனியா இருக்கா."

மறுநாள் காலையில் குருவிக்கு மூச்சு சீரானது. அவள் மகளின் தலையை வாரிவிட்டுக்கொண்டே பேச்செடுத்தாள். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதெல்லாம் சும்மா சொன்னேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் மாடிக்கே வந்து கருவியைப் பார்த்த பிள்ளை. நம்பாது.

"உலகத்துல இருக்கிற எல்லா பஃப்பையும் சேர்த்தாலும் அது ரொம்பச் சின்னப் பங்குதான்டா."

"சின்னதுன்னாலும் இருக்குல்ல?"

"இருக்கு."

குருவி அவ்வளவுதான் என்பது போலத் தலையை ஆட்டினாள். அம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

"கேளு. எல்லா நாட்டுக்காரங்களும் ஒண்ணாக் கூடி, இந்த காஸை இனிமே பண்ணக்கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. ஃப்ரிட்ஜுக்குக் கூடாது, ஏசிக்குக் கூடாது, ஸ்ப்ரேக்குக் கூடாதுன்னு. அப்ப யாரோ கேட்டிருக்காங்க, மூச்சு விடக் கஷ்டப்படுறவங்க என்ன பண்ணுவாங்கன்னு. அதனால அவங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க. வேற நல்ல காஸ் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவங்க அடிச்சுக்கலாம்."

"நான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"உன் பேர் தெரியாது. உன்னை மாதிரி பிள்ளைங்க இருக்காங்கன்னு தெரியும்."

குருவி ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே என்று விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப நம்ம ஃப்ரிட்ஜுக்கு விலக்கு கிடையாதா?"

கதவருகே நின்ற அப்பா சிரித்துவிட்டான். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கோடைக்குக் கோடை படுத்துக்கொள்ளும். மெக்கானிக் வந்து காஸ் அடித்துவிட்டுப் போவான். அது எங்கேயோ கசிந்து மறுபடியும் படுத்துக்கொள்ளும். பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான்.

"கிடையாது" என்றாள் அம்மா.

"அதுல கசியறதை நிறுத்துங்க. நான் பஃப் அடிச்சுக்கறேன்."

மகள் வீட்டுக்கு வந்த அந்த வாரமே அப்பா மெக்கானிக்கைப் பிடித்துக் கொண்டுவந்தான். காஸ் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கிய மெக்கானிக்கிடம், "இந்தத் தடவை காஸ் வேண்டாம். முதல்ல ஓட்டையைக் கண்டுபிடி" என்றான்.

"அண்ணே, ஓட்டையைத் தேடுனா இன்னைக்குப் பொழுது போயிடும். காஸை அடிச்சமா, போனமான்னு இருக்கணும்."

"பொழுது போனாப் போகட்டும். நான் லீவு போட்டிருக்கேன்."

இரண்டு பேரும் ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டு, சோப்புத் தண்ணீரைக் குழாய் முழுக்கத் தடவி, நுரை எங்கே கிளம்புகிறதென்று பார்த்துக்கொண்டே தரையில் படுத்துக் கிடந்தார்கள். மெக்கானிக் முதலில் முணுமுணுத்தான். பிறகு அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலம் பின்பக்க வளைவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு குமிழி கிளம்பியது. "இதுதான் இத்தனை வருஷமா என்னை ஏமாத்துச்சா" என்று அவன் அதைத் திட்டித் தீர்த்தான். அந்த இடத்தைப் பற்றவைத்து அடைத்த பிறகுதான் காஸ் அடித்தான். குருவி கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாள். அன்றைக்கு இளைப்பு லேசாகத் தலைகாட்டியதும் யாரும் சொல்லாமலே பஃப்பை எடுத்து அடித்துக்கொண்டாள்.

அதன்பின் ஓசோன் அக்கா வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். நிறுத்தவில்லை. மகள் விடவில்லை. "இன்னைக்கு எவ்வளவு?" என்று வாசலிலேயே கேட்பாள். எரிமலைப் புகை மெல்ல அடங்கியது. அளவுகள் கொஞ்சம் ஏறின. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. வர இன்னும் பல வருஷம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மகளிடமும் அப்படியே சொன்னாள்.

குருவி ஹைஸ்கூல் போன பிறகு, ஓசோனைத் தின்னாத வேறு காஸ் போட்ட புது பஃப் வந்தது. பழையது தொண்டையில் ஜில்லென்று அடிக்கும். அடித்தோம் என்று தெரியும். இது மெத்தென்று வந்தது. முதல் தடவை இழுத்ததும் குருவிக்கு முகம் வெளிறியது.

"அம்மா, இதுல ஒண்ணுமே இல்லை. காலி டப்பா."

"இருக்கு. அது மெதுவாத்தான் வரும்னு டாக்டர் சொன்னாங்க. இன்னொண்ணு அடி, நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவள் மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கீச்கீச்சென்ற சத்தம் கைக்குத் தெரிந்தது. அது ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, கடைசியில் இல்லாமல் போனது.

"மருந்து கேக்குதா?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டான்.

"கேக்குது. டேஸ்ட்தான் சகிக்கலை" என்றாள் குருவி.