வாசல் வெளிச்சத்தில் ஒரு ஓகே

2009-இல் ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியின் வலைத்தளத்தைச் செய்யும் பொறுப்பு இன்பசேகரனுக்கு வந்தது. அதுவரை அவன் பேர் வாங்கியிருந்தது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் எடுப்பதில்.

முதலாளி நயீம் அகமதுக்குக் கறுப்புதான் பிடிக்கும். தளம் முழுக்க பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மின்னியது. கம்பெனிக்கு வழிகாட்ட அதில் பதித்திருந்த வரைபடம் மட்டும் வெள்ளைவெளேர்.

“இன்னாப்பா இது, ஷூ மேல சுண்ணாம்பு கொட்டினாப்ல?” என்றார் முதலாளி. “திங்கக்கெழம நம்ம ஷூ வாங்குற பையர் இதப் பாத்துதான் மெட்ராஸ்லருந்து கார்ல வர்றாரு. வழி தப்பினாரு, சைட்ட வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்.”

இன்பசேகரன் மூன்று நாள் உட்கார்ந்து வரைபடத்தின் நிறங்களை மாற்றினான். தரை கறுப்பு, சாலைகள் காப்பிக்கொட்டை நிறம், பாலாறு கருநீலம். ஏசி அறையில் அதைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கியது. இப்பேர்ப்பட்ட கலைஞன் பிரிண்டர் பக்கத்தில் வீணாகிறானே!

சனிக்கிழமை, லேபிள் பிரிண்ட் எடுக்க ஷஹீன் பானு வந்தாள். தோலின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு தோலும் கட்டிங்குக்குப் போகாது. பாராட்டுக்கு ஆசைப்பட்டு அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

“இன்னா சார், டியூப்லைட்ல கலர் பாக்குறீங்க? எங்க செக்‌ஷன்ல இப்டிப் பாத்தா மொத்த லாட்டும் திரும்பி வந்துடும்.”

“இது தோல் இல்ல மேடம்.”

“கலர் கலர்தான். பையர் கார்லதான பாப்பாரு? வாசலுக்குத் தூக்கினு வாங்க.”

பதினோரு மணி வெயில். திரையில் சாலையும் இல்லை, பாலாறும் இல்லை. அவன் மூஞ்சிதான் இருந்தது.

“பையர் எங்க சுத்துனாலும் அவரு மூஞ்சிக்கே வந்து சேருவாரு,” என்றாள் ஷஹீன்.

அவன் சிரித்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணினான்.

சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து அவள் வாசலிலேயே நின்றாள். அவன் உள்ளே ஓடி நிறத்தை மாற்றுவான், வெயிலுக்குத் தூக்கிவருவான், அவள் உதட்டைப் பிதுக்குவாள். “மஞ்சள கம்மி பண்ணுங்க. செவப்ப இன்னும் ஜாஸ்தி பண்ணுங்க.” ஏழாவது தடவை, வெள்ளைத் தரையில் அடர்சிவப்புச் சாலை பளிச்சென்று கம்பெனி வாசல்வரை வந்தது.

“மொதலாளி கறுப்பு கேப்பாரே?”

“ரெண்டையும் வெச்சி ஒரு பட்டன் போடுங்க சார். சைட்ட தொறந்தா வெள்ள. ஏசி ரூம்ல அவருக்குக் கறுப்பு.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு, கையில் லேப்டாப்போடு பையர் வாசலில் வந்து இறங்கினார். முதலாளி ஏசி அறையில் பட்டனை அமுக்கி, கறுப்பு வரைபடத்தைக் காட்டி, “மை ஐடியா!” என்றார். சைட் தன்னிடமே இருந்துவிட்ட சந்தோஷத்தில் இன்பசேகரனும் கை தட்டினான்.

நேராக ஷஹீனிடம் போனான். “உங்க புண்ணியத்துல தப்பிச்சேன் மேடம்.”

“நான் கையெழுத்தே போடலியே சார். எப்டி வெளிய அனுப்னீங்க?”

நியாயமான கேள்வி. திரும்பி வந்தவன், தளத்தைத் திறப்பவர் எவர் கண்ணுக்கும் படாத நிரல் வரிகளுக்கிடையே, வெள்ளை வரைபடத்துக்கு நேரே தட்டினான்: “பகல் வெளிச்சத்தில் பார்த்தது. ஓகே — ஷஹீன் பானு.”