பேக்கரிக்காரம்மாவின் பல்செட்

பெட்டி மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. முதலாளியம்மா அதைக் கொண்டுவந்து மேசையின் சரிநடுவில் வைத்தார். யார் பக்கமும் சாயாமல் வைத்தது வேண்டுமென்றேதான் என்று மேலண்ணனுக்கு விளங்கியது.

"மேல் செட்டத் தனியாப் பாத்தா அம்சமா இருக்கு. கீழ் செட்டத் தனியாப் பாத்தா அதுவும் அம்சமா இருக்கு. ரெண்டையும் சேத்து மாட்டினா அந்தம்மாவால ஒரு பன்னக்கூடக் கடிக்க முடியலயாம். பேக்கரி நடத்துற பொம்பள! நாளைக்கு அவங்களே நேர்ல வர்றாங்க. என்னால பல் ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட இன்னொரு தடவ பேச்சு வாங்க முடியாது, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மேலண்ணன் எதிரே பார்த்தார். கீழக்கா பெட்டியைத் திறந்து, தன் பங்குக்குக் கீழ்த்தாடையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அவர் பக்கம் தள்ளினாள்.

அது பல்செட் செய்யும் கூடம். முழுசாகப் பல் போனவர்களுக்கு மெழுகில் பற்களை அடுக்கி, போட்டுப் பார்த்துச் சரிசெய்து, பிறகு கெட்டியாக வார்த்துக் கொடுப்பார்கள். மற்ற கூடங்களில் ஒரே ஆள் இரண்டு வரிசையையும் அடுக்குவார். இங்கே மட்டும் ஏனோ ஆரம்பத்திலிருந்தே மேல் வரிசை அவருக்கு, கீழ் வரிசை அவளுக்கு. பெட்டி எடுத்துப் போக வருகிற கூரியர்காரர் வைத்த பெயர்கள்தாம் மேலண்ணன், கீழக்கா. அது ஒட்டிக்கொண்டு, கடைசியில் சம்பளக் கவரில்கூட முதலாளியம்மா அப்படித்தான் எழுதுவார்.

இரண்டு அச்சுகளையும் பூட்டி, வாய் திறந்து மூடுகிற மாதிரி அசைத்துப் பார்க்க ஒரு இரும்புக் கருவி உண்டு. அதை அவர்கள் 'வாய்' என்பார்கள். முன்பெல்லாம் அந்த வாய் மேசையின் குறுக்கே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். கூடவே இவர்கள் வாயும் ஓயாது. "நூலளவு உள்ள தள்ளுங்கண்ணே, என்னோடது இடிக்குது." "நீ ஏன் இப்படி நிமித்தி வெச்சிருக்க, சண்டைக்கு நிக்கிற மாதிரி?" அப்படியே பேச்சு பிள்ளைகளின் பரீட்சை, அவள் மாமியாரின் முட்டி வலி, அவர் பெண்டாட்டியின் கோபம் என்று எங்கெங்கோ போய், பல் மட்டும் தானாகச் சேர்ந்துவிடும். இப்போது வாய் போகிறது, வருகிறது, அவ்வளவுதான். பல் சேரவில்லை. சேருமா பின்னே!

திங்கட்கிழமையிலிருந்து தன்னைப் பின்னறைக்கு, ஒற்றைப் பல் செய்யும் பிரிவுக்கு மாற்றிவிடும்படி அவள் கேட்டிருக்கிறாள். அதையும் முதலாளியம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அவளுடைய மேசை விளக்கு ஏற்கெனவே பின்னறைக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி படியாத தடம் ஒன்று இருந்தது. மேலண்ணன் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

எல்லாம் ஒரு நகைச்சுவை நடிகர் செத்ததில் வந்தது. அவருக்காக இணையத்தில் ரசிகர் குழு ஒன்றை மேலண்ணன் நடத்திவந்தார். ரசிகர் என்றால் சும்மா இல்லை. அவருடைய அப்பா தொண்டையில் குழாய் போட்டுப் படுத்தபடுக்கையாகக் கிடந்த நாட்களில், அந்த நடிகரின் காட்சிகளைப் போனில் போட்டுக் காட்டுவார். சத்தம் வராது, ஆனால் அப்பாவின் வயிறு குலுங்கும். குலுங்கிய அந்த வயிற்றில் கைவைத்துப் பார்த்த மகனுக்கு அந்த நடிகர் வெறும் நடிகரா?

நடிகர் இறந்த அன்று குழுவே எழவு வீடாகிவிட்டது. அழுகையும் பழைய காட்சிகளுமாக வந்து குவிந்தன. அந்த நெரிசலுக்குள், அவரே குழுவில் சேர்த்துவிட்டிருந்த கீழக்காவும் ஒரு பதிவு போட்டாள். நல்ல நடிகர்தான், போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் பல் எடுப்பான பெண்களை நிறுத்திவைத்து அவர் செய்த கேலிக்குத் தனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை என்று. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். விடுவார்களா? பிணத்தின் மேல் ஏறி நின்று பேசுகிறாயா என்றார் ஒருவர். எவ்வளவு வாங்கினாய் என்றார் இன்னொருவர். உன் வீட்டில் சாவு விழட்டும், நாங்கள் வந்து குறை சொல்கிறோம் என்று ஒரு புண்ணியவதி. கடைசியில் எவனோ அவளுடைய பள்ளிக்கூடக் காலத்துப் படத்தைத் தோண்டி எடுத்தான். பல்லுக்குக் கம்பி கட்டிச் சீராக்குவதற்கு முந்தைய முகம். அதை நடிகரின் சினிமா ஒன்றில் கேலிக்கு ஆளான பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, 'கோபம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா' என்று போட்டுவிட்டான்.

மேலண்ணன் அன்று காலையிலிருந்து வந்த காட்சிக்கெல்லாம் சிரிப்பு எமோஜியை அழுத்திக்கொண்டிருந்தார், அஞ்சலி மாதிரி. அந்தக் கை இதற்கும் அழுத்திவிட்டது. உண்மையைச் சொன்னால் கை மட்டும் இல்லை, வாயும் சிரித்தது. பிறகுதான் அது யாருடைய முகம் என்று உறைத்தது. பதறிப்போய் எமோஜியை எடுத்தார். எடுத்த கையோடு கீழக்காவைக் குழுவிலிருந்து நீக்கினார். 'மறைந்த கலைஞரை மதிக்கத் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று எழுதியும் போட்டார். கைதட்டல் மழை. அவளைத் திட்டு வாங்காமல் காப்பாற்றத்தான் நீக்கினேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்படியானால் அந்தப் படத்தை ஏன் விட்டுவைத்தாய் என்று மனசு திருப்பிக் கேட்டது.

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாளா, இல்லையா? அதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் பேக்கரிக்காரம்மா வந்தார். ஈறு நோயில் ஐம்பது வயதுக்குள்ளேயே பல் மொத்தமும் போனவர். உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார். "கல்லாவுல உக்காந்து வாயப் பொத்திக்கிட்டே வியாபாரம் பண்றேன். நான் மொறைக்கிறேன்னு நெனச்சுப் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போறான்."

மெழுகு வரிசைகளை அவர் வாயில் பொருத்தினார்கள். அடுத்து சிரிப்புக் கோடு எடுக்க வேண்டும். ஆள் மனம்விட்டுச் சிரிக்கும்போது மேலுதடு எதுவரை ஏறுகிறதோ, அங்கே மெழுகில் ஒரு கீறல் போட வேண்டும். சிரிங்க என்று சொன்னால் யாரும் ஒழுங்காகச் சிரிக்க மாட்டார்கள், பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி இளிப்பார்கள். அதற்கு மேலண்ணனிடம் கைவசம் ஒரு வித்தை இருந்தது. செத்துப்போன நடிகரின் குரலில், அதே இழுவையோடு, ஒரே ஒரு வசனம். "நீ தெருமுனையில வரும்போதே உன் பல்லு வந்து கதவத் தட்டிடுச்சேம்மா!" கல்லும் சிரித்துவிடும். கீழக்கா குனிந்து சட்டென்று கீறல் போட்டுவிடுவாள். இத்தனை வருஷமும் இப்படித்தான்.

மேலண்ணன் தொண்டையைச் செருமினார். குரலை இழுக்க வாயைத் திறந்தார். அந்த நேரம் எதிரே கீழக்காவின் கை மேலே போனது. கழுத்தில் கிடந்த மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சுத்தத்துக்காகப் போட்டுக்கொள்கிறாள் என்றே நினைத்திருந்தார். அளவெடுக்கும்போதெல்லாம் கழுத்திலேயே கிடக்கிற மாஸ்க், இந்த வசனத்துக்கு மட்டும் ஏன் ஏறுகிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இந்த வசனத்துக்கு அவள் சிரித்து அவர் பார்த்திருக்கிறாரா? யோசித்தார். வந்தவர்களின் உதட்டைத்தான் பார்த்திருக்கிறார். அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அடப்பாவி, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, எத்தனை வருஷம்!

திறந்த வாய் திறந்தபடி நின்றது. வசனம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பேக்கரிக்காரம்மா அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாய் நிறைய மெழுகு இருந்ததில் பேச்சு குழறியது. "ஏங்க, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அதானே பாத்தேன்! மேல ஒரு பக்கம் போகுது, கீழ ஒரு பக்கம் போகுது. ஏம்ப்பா, நீங்க சண்டை போட ஊர்ல வேற எடமே இல்லையா? என் வாய்தானா கெடச்சுது?"

சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, உதடு மேலேறச் சிரித்தார். கீழக்காவின் கை பழக்கத்தில் நீண்டு கீறலைப் போட்டது.

பேக்கரிக்காரம்மா போனபிறகு மேலண்ணன் மெழுகைச் சூடுகாட்டுகிற சாக்கில் தீயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் படத்துக்கு நான் சிரிச்சேம்மா. பாத்தியா?"

"பாத்தேன்."

"உடனே எடுத்துட்டேன்."

"அதையும் பாத்தேன்."

மன்னிப்பு என்கிற வார்த்தை மெழுகு மாதிரி வாய்க்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. வேறு ஒன்றுதான் வந்தது.

"இத்தன வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. போதும்ணே, எனக்குப் புடிக்கலன்னு."

"எப்படிண்ணே சொல்றது? உங்கப்பா படுக்கையில கெடந்தப்ப உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து நானும் பாத்தேனே, அவர் வயிறு குலுங்கினத. அதப் பாத்துட்டு உங்க மொகத்துக்கு நேரா இதச் சொல்ல முடியுமா?" அவள் கீழ்த்தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்க ஆயிரம் பேர் பேசுறாங்க, கும்பலோட கும்பலா நாமளும் ஒருவாட்டி சொல்லிடுவோம், மனசு ஆறிடும்னு நெனச்சேன். உங்க கண்ணுலகூடப் படாதுன்னு நெனச்சேன். பைத்தியக்காரி."

"நீ பைத்தியக்காரி இல்ல." அவர் மெழுகைக் கீழே வைத்தார். "எனக்கு அவர இப்பவும் புடிக்கும்மா. பொய் சொல்ல வரல."

"புடிக்கட்டுமே. நான் எப்பண்ணே வேணாம்னு சொன்னேன்? எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான். அதச் சொன்னதுக்குத்தானே வெளிய தள்ளுனீங்க?"

மேலண்ணன் போனை எடுத்தார். கையில் மெழுகுப் பிசுக்கு. திரையில் விரல் வழுக்கியது. முதலில் அந்தப் படத்தை அழித்தார். பிறகு யோசித்து யோசித்து எழுதினார். அந்தப் படத்துக்குச் சிரித்தவர்களில் தானும் ஒருவன் என்று. அந்தப் பெண் சொன்னதில் தனக்கு ஒப்புதல் இல்லை, ஆனாலும் அதைச் சொல்ல அவளுக்கு இடம் உண்டு, தள்ளியது தன் தப்பு என்று. பதிவிடும் முன்பு அவளிடம் காட்டலாமா என்று நினைத்தார். கூச்சமாக இருந்தது. போட்டுவிட்டு, போனை மேசையில் 'வாய்'க்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இரும்பு வாயில் பூட்டி, இடிக்கிற இடத்தைக் காட்டும் நீலத் தாளை நடுவில் செருகி, மெதுவாகக் கடிக்கவைத்துப் பார்த்தாள். விளக்கில்லாததால் கண்ணைச் சுருக்கினாள். மேலண்ணன் தன் விளக்கை அவள் பக்கம் திருப்பினார். பிறகு மனசு கேட்காமல் கேட்டேவிட்டார்.

"திங்கக்கெழம நீ பின்னறைக்கு..."

"மொதல்ல அந்தம்மா பன்னு கடிக்கட்டும்," என்றாள் அவள். "முன்பல்ல நூலளவு உள்ள தள்ளுங்கண்ணே. இடிக்குது."

மேலண்ணன் மெழுகை இளக்கி முன்பல்லை நூலளவு தள்ளினார். அப்போதுதான் போன் அதிர ஆரம்பித்தது. ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று நிற்காமல் வந்தது. குப்புறக் கிடந்த போனின் ஓரத்தில் வெளிச்சம் துடித்தது. அட்மினே விலைபோய்விட்டான் என்பார்கள். இவனையும் தூக்கு என்பார்கள். என்னவெல்லாம் வரும் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும், முந்தின வாரம் இதே வார்த்தைகளுக்குத்தானே அவர் லைக் போட்டார். மேசை அதிர்ந்ததில் இரும்பு வாய் நடுங்கியது. மெழுகில் நட்ட பற்கள் குளிரில் அடித்துக்கொள்வதுபோலக் கடகடவென்று ஒன்றோடொன்று மோதின.

கீழக்கா இடது உள்ளங்கையை மேல்தாடையின் மீது வைத்து அழுத்திப் பிடித்தாள். கடகடப்பு நின்றது. அவளுடைய மாஸ்க் கழுத்திலேயே கிடந்தது.

"மெழுகு இன்னும் ஆறலண்ணே," என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே புடிச்சுக்குவோம்."

மேலண்ணன் அடியில் கைகொடுத்துக் கீழ்த்தாடையைத் தாங்கிக்கொண்டார். போன் மேசையின் ஓரத்தை நோக்கி அதிர்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தது. பிடிக்க இருவரிடமும் கை இல்லை.